இருவருக்கு ஒரு தட்டு

சித்தூர்
9 ஜூன் 2024

அன்புள்ள சுமி,

வருகிறேன். மற்ற நலம் விசாரிப்பெல்லாம் அப்புறம்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் தமிழில் பேசினால் முட்டிபோட வைத்த அந்தக் கான்வென்ட்டில், ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் வைத்து நாம் கடத்திய துண்டுச் சீட்டுகளில் தொடங்கிய பழக்கம் இது. முக்கியமானதை உனக்குக் கையால்தான் எழுதுவேன்.

அவர் போன பிறகு இந்த இரண்டு வருஷத்தில் என்னைக் கூப்பிட்டவர்கள் எல்லாம் கோயிலுக்கும் கண் ஆஸ்பத்திரிக்கும்தான் கூப்பிட்டார்கள். நீ ஒருத்திதான் மலைக்குக் கூப்பிட்டாய். செப்டம்பரில் உத்தராகண்டில் ஏழு நாள் நடை, முதுகில் அவரவர் பை, கூடாரத்தில் தூக்கம். கேட்டதும் ஹேமநாத் ஹைதராபாத்திலிருந்து சிரித்தான். “அம்மா, நீ ஓட்டல்ல டம்ளரையே வெந்நீர்ல கழுவிட்டு வரச் சொல்ற ஆளு. காட்டுல என்ன பண்ணுவே?” என்றான். மகன் கேட்டுவிட்ட கேள்வி. பதில் கண்டுபிடிக்காமல் விடுவதாக இல்லை.

நடைக்குழுவை நடத்தும் சந்தியாவின் குறிப்பை நீ அனுப்பியிருந்தாய். ஈரக் காகிதத் துண்டுகள், திரவ சோப்பு, காகிதத் தட்டுகள் என்று எழுதி, உடனே காகிதத் தட்டுகளை மட்டும் அடித்திருக்கிறாள். அந்தப் பெண்ணுக்கு நடக்கத் தெரியும், கழுவத் தெரியாது. ஈரக் காகிதத்தில் பாதிக்கு மேல் தண்ணீரின் எடைதான். துடைத்த பிறகு அழுக்கையும் சேர்த்துச் சுமந்துகொண்டு இறங்க வேண்டும். பால் பண்ணை ஆய்வகத்தில் புட்டியும் குழாயும் சுத்தமா என்று பார்ப்பதிலேயே வேலைக்காலம் முழுவதையும் கழித்தவள் நான். இதை என்னிடம் விடு.

ஒன்று மட்டும் இடிக்கிறது. எடை குறைய வேண்டும் என்பதற்காக ஒரு கூடாரத்து இருவருக்கும் ஒரே தட்டாம். ஒருவர் சாப்பிட்டுக் கழுவிக் கொடுக்க, மற்றவர் சாப்பிட வேண்டுமாம். என்னை உனக்குத் தெரியும். கல்யாணத்தன்று மாப்பிள்ளை சாப்பிட்ட இலையில் உட்கார மாட்டேன் என்று எழுந்துபோய், நகரி ஊர் முழுக்கப் பேச்சு வாங்கியவள்.

ஆனால் உன்னோடுதானே. பழகிக்கொள்கிறேன்.

உன் கூடாரத்துப் பங்காளி,
அம்சவேணி


திருப்பதி
22 ஜூன் 2024

என் அம்சாவுக்கு,

ஆயிரம் முத்தங்கள். தாமதத்துக்குத் திட்டாதே. திட்டினாலும் அழகான கையெழுத்தில் திட்டு.

சம்பந்தியம்மா இங்கேதான் இருக்கிறார்கள். இரண்டு வாரம் என்று வந்தவர்கள், இப்போது பீரோவில் ஒரு தட்டே அவர்களுடையது. காஞ்சனாம்மா நல்லவர்கள்தான். ஆனால் மருமகள் ஹரிதாவுக்கு அம்மா என்பதால் எனக்கு மேலதிகாரி மாதிரி. அவர்கள் காபியில் சர்க்கரை குறைந்தால் ஹரிதாவின் முகம் இரண்டு நாளைக்குக் கசக்கிறது. மலை நடை பற்றித் தெரிந்ததிலிருந்து, “நம்மளயெல்லாம் யாரு சம்பந்தி கூப்பிடப் போறாங்க, நமக்கு டிவிதான்” என்று தினம் ஒரு பெருமூச்சு. பன்னிரண்டு பேருக்குத்தான் அனுமதி, இடம் முடிந்துவிட்டது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் கடிதத்தைக் காலை நடையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். “நடக்கத் தெரியும், கழுவத் தெரியாது” என்ற இடத்தில் சந்தியாவே கைதட்டினாள். அதனால் விவரமாக எழுது. தட்டு எப்படி, குளியல் எப்படி, துணி எப்படி. எனக்கு நீ எழுதினால்தான் மண்டையில் ஏறும்.

நாம் இருவரும் ஒரு கூடாரத்தில்! நினைத்தால் சிரிப்பாக வருகிறது.

உன்,
சுமி


சித்தூர்
1 ஜூலை 2024

அன்புள்ள சுமி,

கவனமாகப் படி.

தட்டு. கரண்டி வேண்டாம், கை இருக்கிறது. கரண்டி இல்லையென்றால் அதைக் கழுவும் தண்ணீரும் மிச்சம். கடைசிக் கவளத்தால் தட்டைச் சுற்றி வழித்துச் சாப்பிட வேண்டும். கான்வென்ட்டில் இதற்காக நமக்குப் புறங்கையில் அடி விழுந்தது. மலையில் இதுதான் ஒழுக்கம். பிறகு ஒரு வாய் வெந்நீர் விட்டுச் சுழற்றி அதைக் குடித்துவிட வேண்டும். முகம் சுளிக்காதே. வெளிநாட்டு மலையேறிகள் இதைத்தான் செய்கிறார்கள் என்று வீடியோவில் பார்த்தேன். கீழே கொட்டினால் வாசனைக்கு மிருகம் வரும். அதன் பிறகு உள்ளங்கை அளவு பீர்க்கங்காய் நார். ஸ்பாஞ்சைவிட எடை குறைவு, சீக்கிரம் காயும், நாறாது. எண்ணெய் இருந்தால் மட்டும் பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீர் சில துளி. ஓடையில் நேராகக் கழுவவே கூடாது. தண்ணீரைத் தள்ளி எடுத்துப்போய்க் கழுவி, மண்ணில் ஊற்ற வேண்டும்.

பூந்திக்கொட்டை, நம் பக்கத்தில் குங்குடுகாய் என்று விற்கிறார்களே, அதன் ஓடு ஒரு சின்னத் துணி முடிச்சு போதும். தலைக்கு, உடம்புக்கு, துணிக்கு, பாத்திரத்துக்கு எல்லாவற்றுக்கும் அதுவே. சோப்புப் புட்டி மிச்சம்.

பாட்டிலில் வாய் வைக்காமல் அண்ணாந்து குடி. பாட்டிலைக் கழுவும் வேலையே இல்லை. இதை நம் ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

குளியல். அரை லிட்டர் வெந்நீர், நகரித் துண்டு பாதி. கட்டித் துண்டு ஆகாது, காயாது; மெல்லிசு வேண்டும். நைட்டியைப் போட்டுக்கொண்டு உள்ளுக்குள்ளேயே துடைக்க வேண்டும். முகம், கழுத்து, அக்குள், அப்புறம் மற்றவை, பாதம் கடைசி. இந்த வரிசை மாறினால் அத்தனையும் வீண். பாதம் கடைசி, சுமி.

வெயில் இருக்கும் நாளில் தலைக்கு ஊற்ற ஒரு வழி கண்டுபிடித்தேன். காலியான பால் பாக்கெட்டில் தண்ணீர் நிரப்பி, கீழ்முனையில் ஊசியால் துளை போட்டு மாட்டினால் ஷவர். எடை ஒன்றுமே இல்லை. சோதிக்க ஜன்னல் கம்பியில் மாட்டி நின்றுகொண்டிருந்தபோது வேலைக்கு வந்த தரணி பார்த்துவிட்டாள்.

“இன்னாமா, கார்ப்பரேசன் தண்ணி நின்னுப்போச்சா?”

“வருதுடி.”

“கொயாவுல வந்துக்கினு கீது, நீங்க பால் கவர்ல குளிச்சிக்கினு கீறீங்க. ஐதராபாத் அண்ணனுக்கு ஒரு போன் போடட்டா?”

விஷயத்தைச் சொன்னேன். ஒரே தட்டுப் பழக்கத்துக்கு அவளைத் துணைக்குக் கேட்டேன். அவள் முதலில் சாப்பிட வேண்டும், என் முறையில் கழுவ வேண்டும், பிறகு அதில் நான். இடுப்பில் கை வைத்து நின்றாள். “நா துன்ன தட்டுல நீங்க துன்னுவீங்க, சரி. நீங்க துன்ன தட்டுல நா துன்னணும்னா? எனக்கும் கூச்சம் இருக்காதாமா?” என்றாள். நியாயம். முறை மாற்றி மாற்றி என்று ஒப்புக்கொண்டோம்.

முதல் நாள் எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. தட்டு சுத்தம்; என் கண்ணால் பார்த்தேன். தொண்டைதான் ஒத்துக்கொள்ளவில்லை. மறைத்துச் சொல்லிப் பழக்கமில்லை, அதனால் எழுதுகிறேன். இன்னும் நாள் இருக்கிறது.

அன்புடன்,
அம்சா


திருப்பதி
20 ஜூலை 2024

அன்பு அம்சா,

சின்னக் கடிதம்தான், கோபிக்காதே. வீட்டில் ஏகப்பட்ட வேலை.

கைலாசகோனா அருவிப் பக்கம் வைத்திருந்த ஒத்திகை நடை மழையால் தள்ளிப்போய்விட்டது. எப்போது என்று தெரியவில்லை. அதனால் நீ கிளம்பி வந்து அலைய வேண்டாம். ஷூ வாங்கிவிட்டாயா? அவசரப்படாதே. மலை விஷயம், கடைசி நிமிஷத்தில் எதுவும் மாறலாம்.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? போன தீபாவளிக்கு மாடியேறும்போது ஒரு தடவை பிடித்துக்கொண்டாயே, அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நம் வயதில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு சந்தேகம். குங்குடுகாய்த் தண்ணீர் கண்ணில் பட்டால் என்ன செய்வது? ரொம்ப எரிகிறதாம்.

அன்புடன்,
சுமி


சித்தூர்
27 ஜூலை 2024

அன்புள்ள சுமி,

கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். அதனால்தான் முகத்துக்கு அதைப் போடாதே என்பது. எரிகிறதாம் என்றால் யாருக்கு எரிகிறது? காஞ்சனா அம்மாள் வீட்டில் போட்டுப் பார்த்தார்களா?

என் முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. அன்று மாடியில் பிடித்துக்கொண்டது முழங்காலை அல்ல, புடவையை. ஷூ ஜூன் மாதமே வாங்கியாயிற்று. தினமும் பையில் அரிசியைப் போட்டுத் தூக்கிக்கொண்டு நடக்கிறேன். காலனியில் எனக்கு இப்போது ரேஷன் அம்மா என்று பெயர்.

கைலாசகோனாவில் மழையா? பக்கத்திலேயே புத்தூரில் இருக்கும் என் தம்பி முனிரத்தினம் வானத்தைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருக்கிறான், மழையில்லாமல் மணிலாக் கொட்டைச் செடி காய்கிறதென்று. மலைக்கு மட்டும் பெய்திருக்கும் போல.

இனி நல்ல செய்தி. சாப்பிட்டுவிட்டேன். தரணி முருங்கைக்கீரையும் சோறும் சாப்பிட்டு வழித்து, வெந்நீர் சுழற்றிக் குடித்து, நாரால் தேய்த்து என் முன்னே தட்டை வைத்தாள். கண்ணை மூடவில்லை. முழுக்கச் சாப்பிட்டேன். “இன்னாமா, உசுரு கீதா?” என்று எட்டிப் பார்த்தாள். இருவரும் சிரித்தோம். அறுபத்தெட்டு வயதில் ஒன்றைக் கடந்திருக்கிறேன், சுமி. அவரோடுகூடச் செய்யாததை. உன்னோடு ஏழு நாள் இருக்கப்போகிறேன் என்ற ஒரே காரணத்துக்காக.

நகரியிலிருந்து மெல்லிசுத் துண்டுகள் வரவழைத்தேன். பாதியாக வெட்டி ஓரம் தைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பீர்க்கை நாரைச் சேர்த்துக் கட்டி, பன்னிரண்டு பேருக்கும் அனுப்பியிருக்கிறேன். உனக்கு வேலை அதிகம் என்றாயே, அதனால் அந்தக் குறிப்பில் இருந்த விலாசத்துக்கு, சந்தியாவுக்கே நேராகப் போட்டுவிட்டேன். நம் இருவரின் துண்டுக்கு மட்டும் பச்சை ஓரம்.

அன்புடன்,
அம்சா


சித்தூர்
12 ஆகஸ்ட் 2024

சுமித்ரா,

இன்று காலை சந்தியா போன் செய்தாள். பேசியதை அப்படியே எழுதுகிறேன். தவறாக எதுவும் இருந்தால் நீ திருத்தலாம்.

“ஆன்ட்டி, துண்டெல்லாம் வந்துச்சு. எவ்ளோ நல்லா தெச்சிருக்கீங்க! நீங்க வர முடியலன்னாலும் எங்களுக்காக அனுப்பினீங்களே. மோகாலு நொப்பி இப்ப எப்படி கீது?”

முழங்கால் வலியைத்தான் கேட்கிறாள் என்று எனக்குப் புரியவே சற்று நேரம் ஆயிற்று. எனக்குத் தெலுங்கு தெரியாதா? தெரியும். வலிதான் தெரியாது.

“யார் சொன்னது?” என்றேன்.

“சுமித்ரா ஆன்ட்டிதான். கைலாசகோனா நடையப்போ சொன்னாங்க. உங்க இடத்துல காஞ்சனா ஆன்ட்டிய சேர்த்துட்டோம். அப்புறம் ஒரே தட்டுல சாப்பிடறதும் உங்களுக்கு ஆகாதாமே. அது ஒண்ணும் தப்பில்ல ஆன்ட்டி, அவங்கவங்க பழக்கம். ஆனா சுமித்ரா ஆன்ட்டி பாத்திரம் கழுவற மெத்தட் சொல்லிக் கொடுத்தாங்க பாருங்க, சூப்பர். பால் கவர் ஷவர் அவங்களா கண்டுபிடிச்சாங்களாம்! காஞ்சனா ஆன்ட்டிக்குத்தான் குங்குடுகாய் கண்ணுல பட்டு ஒரே கலாட்டா.”

அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் எதுவும் இல்லை.

ஆக, கைலாசகோனாவில் மழை பெய்யவில்லை. நீ போனாய். என் இடத்தைக் கொடுத்தாய். நான் சொன்னதை நீ சொன்னதாகச் சொன்னாய். இதெல்லாம் முடிந்த பிறகு உட்கார்ந்து என் முழங்காலை விசாரித்து எழுதினாய். கண் எரிந்தால் என்ன செய்வது என்று கேட்டாய். நானும் பதில் எழுதினேன்.

சம்பந்தியம்மாவுக்காக இடத்தைக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா? தெரியாது. ஆனால் நீ கேட்டவளாகவாவது இருந்திருப்பாய்.

உண்மையை மட்டும் எழுது. முத்தம் வேண்டாம்.

அம்சவேணி


திருப்பதி
19 ஆகஸ்ட் 2024

அம்சா,

மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்க மாட்டேன்.

முதலில் காஞ்சனாம்மா. ஹரிதா என்னோடு பேசுவதை நிறுத்தினாள். “எங்க அம்மாவ விட அந்த சித்தூர் ஆன்ட்டிதான் உங்களுக்கு ஒசத்தி” என்று என் மகனிடம் அழுதாள். அவன் என்னிடம் வந்து, “ஒரு சீட்டுதானம்மா” என்றான். நான் இவர்கள் வீட்டில் இருக்கிறேன், அம்சா. நீ உன் வீட்டில் இருக்கிறாய். இந்த வித்தியாசம் உனக்குத் தெரியாது. நான் பழியாகச் சொல்லவில்லை.

இதோடு நிறுத்தினால் நீ பாதி மன்னித்துவிடுவாய். ஆனால் உண்மையை மட்டும் எழுது என்றாய்.

உன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் சாப்பிட்ட பிறகு என் தட்டை நான் கழுவி வைப்பேன். நீ பேசிக்கொண்டே அதை எடுத்து மறுபடி கழுவுவாய். ஐம்பது வருஷமாக. ஒரு வார்த்தை சொல்ல மாட்டாய், முகம்கூட மாறாது. நான் போன பிறகாவது கழுவியிருக்கலாமே என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் நினைப்பேன்.

உன் வீட்டுக்காரர் திதியன்று நீ தனியாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்து இரக்கப்பட்டு மலைக்குக் கூப்பிட்டேன். நீ வருகிறேன் என்றதும் சந்தோஷப்பட்டேன். பிறகு உன் கடிதங்கள் வர வர பயம் வந்தது. “பாதம் கடைசி, சுமி.” அதைப் படித்ததும் அந்தக் கூடாரத்தில் உன் குரல் கேட்டது. ஏழு நாள் பாதத்தை முதலில் கழுவ வேண்டும் என்றிருந்தது எனக்கு. கழுவாமலே படுக்க வேண்டும் என்றிருந்தது. காஞ்சனாம்மாவோடு நான் அழுக்காக இருக்கலாம். அவர்கள் என்னைவிட அழுக்கு.

ஆனாலும் உன் முறையைத்தான் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தேன், அதைவிட நல்லது இல்லை என்பதால். உன் பெயரைச் சொன்னால் நீ ஏன் வரவில்லை என்று மேலே மேலே கேட்பார்கள் என்று சொல்லவில்லை.

தரணி தட்டில் சாப்பிட்டாய் என்று படித்த அன்று, சந்தியாவிடம் போய் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். வாசலில் காஞ்சனாம்மா புது ஷூவைப் போட்டு நடந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். “எப்படி கீது சம்பந்தி?” என்றார்கள். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அவ்வளவுதான் நான்.

அடுத்த வருஷம் நாம் இருவர் மட்டும் போவோம். எங்கே வேண்டுமானாலும். வரிசை நீ சொல்லும்படி. திட்டியாவது எழுது.

சுமி


சித்தூர்
4 செப்டம்பர் 2024

சுமித்ராவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உண்மையை எழுதியதற்கு நன்றி.

முதலில் ஒரு வேலை விஷயம். கைலாசகோனாவில் நீ கற்றுக் கொடுத்ததில் ஒன்றை விட்டுவிட்டாய் என்று சந்தியா பேசியதிலிருந்து தெரிகிறது. நானும் ஜூலைக் கடிதத்தில் அதை எழுதவில்லை, கூடாரத்தில் நான் பக்கத்தில் இருப்பேன் என்று நினைத்ததால். நாரால் தேய்த்த பிறகு, தட்டு கை மாறும் முன், கொதிக்கிற தண்ணீர் ஒரு முறை அதன் மேல் ஓட வேண்டும். ஓடைத் தண்ணீரோடு நிறுத்தினால் ஒருத்தி வயிறு கெட்டால் இருவர் வயிறும் கெடும். நாரையும் அதே தண்ணீரில் முக்கி எடு. சந்தியாவிடமும் சொல்லியிருக்கிறேன். பன்னிரண்டு பேர் சம்பந்தப்பட்டது. நம் சண்டையில் அவர்களுக்குப் பங்கில்லை.

சந்தியா நேற்று மறுபடி கூப்பிட்டாள். அவள் முட்டாள் இல்லை. துண்டு தைத்து அனுப்புகிறவள் வலியோடு படுத்திருக்கிறவளாகத் தெரியவில்லை என்றாள். “ஆன்ட்டி, நெஜம்மா சொல்லுங்க. நீங்க வரணும்னு இருந்தீங்கதானே? ஒருத்தங்க நின்னுட்டாங்க, இடம் கீது. சுமித்ரா ஆன்ட்டி ஏதாச்சும் மாத்தி சொன்னாங்களா?”

ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. பை கட்டியே இருக்கிறது. ஒரு கணம் அந்தக் குளிர் காற்றுகூட முகத்தில் பட்ட மாதிரி இருந்தது. ஆனால் அங்கே போனால், ஏழு நாளும் அத்தனை பேர் முன்னால் நீ பொய் சொன்னவளாக என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அதை நான் பார்க்க வேண்டும்.

“சுமித்ரா சொன்னது சரிதான். முழங்கால் வலிதான்” என்றேன். வாழ்நாளில் நான் கூசாமல் சொன்ன பொய் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். “மருந்து தடவுங்க ஆன்ட்டி” என்று ஒரு தைலத்தின் பெயர் சொன்னாள். குறித்துக்கொண்டேன்.

எனவே குழுவில் யாரும் உன்னைப் பற்றித் தவறாக நினைக்க மாட்டார்கள். நிம்மதியாகப் போய் வா. ஹேமநாத்திடமும் அதையே சொல்லிவிட்டேன். “நான்தான் அப்பவே சொன்னேனேம்மா” என்றான்.

தட்டைப் பற்றி எழுதியிருந்தாய். ஐம்பது வருஷம் ஒரு தடவைகூடச் சொல்லாமல் பஸ் ஏறிப் போயிருக்கிறாய். முகம் மாறாமல் இருந்தவள் நான் மட்டும் இல்லை. அந்தக் கடிதங்களில் வந்த முத்தங்களையெல்லாம் நான் நம்பி வைத்திருந்தேன்.

நீ அழுக்காக இருக்க ஆசைப்பட்டது எனக்குப் புரிகிறது. அதைக்கூட என்னோடு சேர்ந்து செய்ய முடியும் என்று உனக்குத் தோன்றவில்லை. நான் இங்கே அதற்குத்தான் பழகிக்கொண்டிருந்தேன். அதை உனக்கு எழுதிக்கொண்டும் இருந்தேன். உனக்குக் கேட்டதெல்லாம் பாதம் கடைசி என்பது மட்டும்தான்.

அடுத்த வருஷம் வேண்டாம்.

மலையில் ராத்திரி குளிரும். காஞ்சனா அம்மாளுக்குப் பழக்கமிருக்காது. காலுறை இரண்டு ஜோடி எடுத்து வரச் சொல்.

திரும்பி வந்த பிறகு எனக்குக் கடிதம் எழுதாதே, சுமி. வந்தால் பிரித்துவிடுவேன். படித்தால் பதில் எழுதிவிடுவேன். அதனால்தான் கேட்டுக்கொள்கிறேன்.

அம்சவேணி வேதாச்சலம்